செய்யூர்க் கழியில் தூண்டில்: கோல், நாண், இரை ஆகியவற்றின் வரலாறு

செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்கு எல்லையில், பாலாற்று முகத்துவாரத்திலிருந்து மரக்காணத்தை நோக்கி நீளும் செய்யூர் வட்டக் கடற்கரை, கடலும் கழியும் ஏரியும் சில கல் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்த நிலமாகும். மணல்மேட்டுக்குக் கிழக்கே வங்கக் கடலும், மேற்கே ஓதியூர்க் கழியும் முதலியார்குப்பம், கடப்பாக்கம் முதலிய ஊர்களை ஒட்டிய உவர்நீர்ப் பரப்புகளும் பக்கிங்காம் கால்வாயும், அவற்றுக்கும் மேற்கே வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் பாசன ஏரிகளும் கிடக்கின்றன. இந்த மூவகை நீரிலும் மீன் பிடிக்கும் கருவிகளில் வலையே முதன்மையானது என்றபோதிலும், வலை வீசவோ இழுக்கவோ இயலாத இடங்களிலும், வலை வாங்க வசதியில்லாதவர் கைகளிலும் தூண்டில் தொடர்ந்து நிலைத்து வந்துள்ளது. கோல், நாண், முள், இரை என்னும் நான்கு உறுப்புகளால் ஆன இக்கருவியில் கோலும் முள்ளும் பல நூற்றாண்டுகள் பெரிதும் மாறாதிருக்க, நாண் என்னும் கயிறு மட்டும் மும்முறை அடியோடு மாறியது. அந்த மாற்றங்களே எந்த மீனைப் பிடிக்கலாம், எவ்விரையைப் பயன்படுத்தலாம், எத்தகைய கோல் தேவை என்பவற்றையும் தீர்மானித்தன.

இவ்வட்டாரத்தில் தூண்டிற்காரரின் திறமைக்கு உரைகல்லாக விளங்குவது கொடுவா மீன். மேலைநாட்டார் கடற்பாஸ் வகையில் சேர்த்துப் பேசும் இம்மீனை ஜெர்மானிய மீனியலாளர் பிளாக் 1790ஆம் ஆண்டில் அறிவியல் முறையில் விவரித்தார். லேட்டஸ் கால்காரிஃபர் என்பது அதன் இன்றைய அறிவியல் பெயர். இரண்டு மீட்டர் நீளமும் 60 கிலோ எடையும் வரை வளரக்கூடிய இது, முகத்துவாரத்தை ஒட்டிய உவர்நீரில் முட்டையிட, குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள் நுழைந்து, வாய்ப்புக் கிடைத்தால் நன்னீர் வரை ஏறி வளர்கின்றன. கோடையில் மணல் மூடி அடைபட்டுக் கிடக்கும் முகத்துவாரம் மழைக்காலத்தில் வெள்ளத்தால் உடைந்து திறக்கும்போது கழிக்கும் கடலுக்கும் இடையே மீன்கள் போக்குவரத்துக் கொள்வதால், தூண்டிற்காரருக்கு அக்காலமே முக்கியமான பருவமாகிறது. கொடுவா இரையைத் துரத்தி நெடுந்தொலைவு ஓடுவதில்லை. பாலத்தூண், மதகு, மூழ்கிய மரம், பாறை ஆகியவற்றின் நிழலில் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, அருகில் வரும் இறாலையோ மடவைக் குஞ்சையோ அகன்ற வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு உறிஞ்சிக்கொள்கிறது. அதன் பற்கள் கயிற்றை அறுப்பவை அல்ல, அரம்போல் சொரசொரப்பானவை. ஆனால் செவுள் மூடியின் விளிம்பும் அதன் கீழ்முள்ளும் கத்தியைப் போல் கூர்மையானவை. முள்ளில் சிக்கியதும் நீர்மட்டத்துக்கு மேல் துள்ளித் தலையை உதறுவதும், அடுத்த கணமே தூண்களுக்கு இடையே பாய்ந்து கயிற்றை உரசி அறுக்க முயல்வதும் அதன் இயல்பு. ஆகவே கொடுவாவுக்கான தூண்டிலில் இழுவலிமை மட்டும் போதாது, உரசலைத் தாங்கும் தன்மையும் வேண்டும் என்பது இத்தொழிலின் அடிப்படை விதியாயிற்று.

தொண்டை நாட்டின் தூண்டில் குறித்த மிகப் பழைய விரிவான சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் காணப்படுகிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய அந்நூல், காஞ்சிக்குச் செல்லும் வழியில் உள்ள நீர்நிலை ஒன்றில் மீன் பிடிக்கும் பாண்மகனைக் காட்டுகிறது. பச்சை இறைச்சியாகிய இரை நிரம்பிய தோற்பை, நுனியில் கயிறு இறுகக் கட்டிய நீண்ட மூங்கிற்கோல், வளைந்த வாயுடைய இரும்பு முள், அம்முள்ளை மறைத்துப் பொதிந்த இரை என இன்றைய தூண்டிலின் எல்லா உறுப்புகளும் அச்சிறு பகுதியிலேயே இடம்பெற்றுவிடுகின்றன. இரையைக் கவ்விக்கொண்டு தப்பிய வாளை மீன், பின்னர் நீரருகே நிற்கும் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் தூண்டிற்கோலோ என அஞ்சுவதாகப் புலவர் கூறுவது, ஒருமுறை முள்ளின் சுவை கண்ட மீன் எளிதில் மீண்டும் சிக்காது என்ற தொழிலறிவு அக்காலத்திலேயே பொதுவழக்காக இருந்ததை உணர்த்துகிறது. கோலின் நிழலும் கயிற்றின் தடிமனும் மீனுக்குத் தெரியாதிருக்க வேண்டும் என்னும் பிற்காலத் தூண்டிற்கலையின் முதன்மைச் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது எனலாம்.

பத்துப்பாட்டின் மற்றொரு நூலான சிறுபாணாற்றுப்படை செய்யூர் வட்டாரத்தோடு இன்னும் நெருங்கிய தொடர்புடையது. அதன் ஆசிரியர் நல்லூர் நத்தத்தனாரின் பெயரோடு சேர்த்து வழங்கும் இடைக்கழிநாடு, இன்று செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சியின் பெயராக நிலைத்திருக்கிறது. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் அந்நூல், மரக்காணம் பகுதி எனப் பலரும் கருதும் எயிற்பட்டினத்தில் பரதவர் வழிப்போக்கருக்குக் கள்ளும் சுட்ட உலர்மீனும் அளித்து விருந்தோம்புவதைச் சொல்கிறது. உள்நாட்டு நீர்நிலையில் கோலும் முள்ளும் கொண்டு மீன் பிடித்தவர் பாணர். கடற்கரையில் மீன்பிடித்து வாழ்ந்தவர் பரதவர். பிற்காலத்தில் சோழமண்டலக் கரையின் கடல் மீனவருள் பட்டினவரும், ஏரி, ஆறு சார்ந்த மீனவருள் செம்படவரும் எனத் தொழிற்பிரிவு வேறுபட்டதையும் இதனோடு இணைத்துப் பார்க்கலாம்.

இரும்பு முள்ளும் மூங்கிற்கோலும் பழங்காலம் தொட்டே கிடைத்தன எனினும், நல்ல நாண் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. சணப்பு, பருத்தி, தென்னை நார் ஆகியவற்றோடு, தரிசு நிலமெங்கும் தானே வளரும் எருக்கின் தண்டிலிருந்து எடுக்கும் நாரும் தமிழகத்தில் தூண்டிற்கயிறாகவும் வில் நாணாகவும் பயன்பட்டது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் பணியாற்றிய ராபர்ட் வைட், 19ஆம் நூற்றாண்டில் உள்நாட்டு நார்களின் வலிமையை எடை தொங்கவிட்டுச் சோதித்தபோது, தென்னை நார்க் கயிறு 224 பவுண்டு எடையிலும் பருத்திக் கயிறு 346 பவுண்டிலும் அறுந்தன. எருக்கு நார்க் கயிறோ 552 பவுண்டு வரை தாங்கியது. ஆயினும் எருக்கு நாரை மற்ற நார்களைப் போல நீரில் ஊறப்போட்டுப் பிரித்தெடுக்க இயலாது; தண்டைக் காயவைத்துக் கையால் உரித்து இழை இழையாக எடுக்க வேண்டும். கப்பல் கயிறு போன்ற பெருந்தேவைக்கு அது கட்டுப்படியாகாமல் போனதும், சில பாகம் நீளமே போதுமான தூண்டிலுக்கு மட்டும் பொருந்தியதும் இதனாலேயே ஆகும்.

நார் எதுவாயினும் உவர்நீரில் ஊறிக் காய்ந்து, மீண்டும் ஊறும்போது விரைவில் மக்கிவிடும் என்பதால், கயிற்றுக்குத் துவர்ப்பேற்றுதல் தவிர்க்க முடியாத வேலையாக இருந்தது. பனிச்சங்காயை இடித்து ஊறவைத்துப் பெறும் பசைபோன்ற துவர்ச்சாற்றில் வலையையும் கயிற்றையும் தோய்த்து உலர்த்தினால், இழைகளின் மேல் கரிய பூச்சு படிந்து நீரை ஓரளவு தடுக்கும். இந்தப் பூச்சு சிறிது காலமே நிலைக்குமாதலால் அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருந்தது. துவர்ப்பேற்றிய கயிறு தடித்தும் கறுத்தும் இருந்ததால் தெளிந்த நீரில் மீன் அதை எளிதில் கண்டுகொள்ளும். ஆகவே நார்க்கயிற்றுத் தூண்டிலுக்குக் கலங்கல் நீரும் அந்தி, விடியல், இரவு ஆகிய நேரங்களுமே ஏற்றவையாக அமைந்தன. இரவில் இரை தேடும் கொடுவாவுக்கு இக்கட்டுப்பாடு பெரிய தடையாக இல்லை.

கோலின் இடம் குறித்துக் கடலுக்கும் கரைக்கும் இடையே தெளிவான வேறுபாடு இருந்தது. கட்டுமரத்தில் செல்பவர் நீர்மட்டத்துக்கு மிக அருகிலேயே அமர்ந்து, கீழே ஆழத்துக்குக் கயிற்றை இறக்குகிறார். அவருக்குக் கோலால் பயனில்லை. முனையில் ஈயக்குண்டும் முள்ளும் கட்டிய கயிற்றை விரலால் உணர்ந்து பிடிக்கும் கைத்தூண்டிலும், நீண்ட தாய்க்கயிற்றில் இடைவெளி விட்டு நூற்றுக்கணக்கான கிளைக்கயிறுகளையும் முட்களையும் கட்டும் ஆயிரங்கால் தூண்டிலுமே கடலுக்கு உரியவை. கரையில் நிற்பவருக்கோ ஆம்பல் கொடிகளுக்கு அப்பாலும் மதகின் மறுபுறத்திலும் இரையைக் கொண்டுபோய் வைக்கவும், மீன் பாயும்போது வளைந்து கொடுத்து அதிர்ச்சியை ஏற்று மெல்லிய கயிற்றை அறாமல் காக்கவும் கோல் தேவைப்பட்டது. உள்ளீடு கெட்டியான கல்மூங்கிலில் அடி பருத்து நுனி மெலிந்த இளங்கழிகளைத் தேர்ந்து, நிழலில் உலர்த்தி, அனலில் காட்டி நிமிர்த்திக் கோலாக்கினர். கயிற்றைச் சுற்றிவைக்கும் சுருளி இல்லாத இத்தகைய கோலில் கயிற்றின் நீளம் கோலின் நீளத்தை அதிகம் மிஞ்ச இயலாது; பெரிய கொடுவா சிக்கினால் விட்டுப்பிடிக்கக் கயிறு இராது. எனவே கோல் ஏரியின் கெண்டைக்கும் விராலுக்கும் உரியதாகவும், கைக்கயிறு கழியின் கொடுவாவுக்கு உரியதாகவும் பிரிந்து நின்றது.

இரையைத் தேர்வதில் உயிரோட்டமே முதன்மையாகக் கருதப்பட்டது. கொடுவாவுக்கு உயிருள்ள இறாலும் மடவைக் குஞ்சும், விராலுக்குச் சிறு தவளையும், கெளுத்திக்கும் கெண்டைக்கும் மண்புழுவும் மாவுருண்டையும் வழக்கமான இரைகள். இறாலின் உயிர்நாடி செல்லும் தலைப்பகுதியைத் தவிர்த்து வாலருகே முள்ளைச் செலுத்தினால் அது நெடுநேரம் உயிரோடு துடிக்கும். மடவைக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்பின் அடியில் தசையை மட்டும் தைக்க வேண்டும். கழியின் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பதில் செங்கல்பட்டுக் கடலோர இருளர், குறிப்பாகப் பெண்கள், தேர்ந்தவர்கள்.

ஐரோப்பியரின் தூண்டில் மரபு சென்னை மாகாணத்தில் எழுத்துவடிவம் பெற்றது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலாகும். சென்னைப் படைப்பிரிவின் மருத்துவராக வந்து மீன்வள ஆய்வாளராக உயர்ந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில், மீன்களின் அறிவியல் விவரங்களோடு தமிழ் உள்ளிட்ட உள்நாட்டு மொழிப் பெயர்களையும் தொகுத்தார். சென்னை ஆட்சிப்பணியைச் சேர்ந்தவரும் தென் கன்னட மாவட்ட ஆட்சியராக இருந்தவருமான ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் மங்களூரில் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலையும், 1887இல் ஏரி, குளங்களில் தூண்டிலிடுவது பற்றி ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்ற நூலையும் வெளியிட்டார். இங்கிலாந்தில் சால்மன் மீனுக்கென உருவான கருவிகள் இந்திய மீன்களின் வலிமைக்கு ஈடுகொடுப்பதில்லை என்பதும், மலையாற்றுக் கெண்டை வகையான மகசீரின் தாடை சாதாரண முள்ளை நசுக்கிவிடும் என்பதும் அவர் கண்ட செய்திகளுள் சில. வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதைத் தடைசெய்த 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்துக்கு, மீன்வளம் அழிவது குறித்து டேயும் தாமஸும் நெடுங்காலம் எழுப்பிய கவலைகள் முன்னோடியாக அமைந்தன.

ஐரோப்பியர் கொண்டுவந்த கருவிகளும் இந்நாட்டு வெப்பத்தில் சோதனைக்கு உள்ளாயின. முள்ளை ஒட்டிக் கட்டுவதற்கு ஐரோப்பியர் பயன்படுத்தியது, பட்டுப்புழுவின் சுரப்பியை இழுத்து நீட்டிச் செய்யும் ‘கட்’ எனப்படும் ஒளி ஊடுருவும் இழையாகும். ஸ்பெயினின் முர்சியா பகுதியில் பெருமளவில் உற்பத்தியான இவ்விழை நீரில் தெரியாது என்பது அதன் சிறப்பு. உலர்ந்தால் எளிதில் ஒடியும் என்பதும், நீரில் ஊறவைத்தே முடிச்சுப் போட வேண்டும் என்பதும், ஒவ்வோர் இழையும் குட்டையானது என்பதும் அதன் குறைகள். இரையாகவும் அவர்கள் செயற்கைப் பொருள்களைக் கையாண்டனர். நீரில் இழுக்கும்போது ஆடிப் பளபளக்கும் கரண்டி வடிவ உலோகத் தகட்டுக்கு அமெரிக்கரான ஜூலியோ புவெல் 1852இல் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அத்தகைய இரையைத் தொலைவில் எறிய வேண்டுமானால், கயிறு சுற்றிய உருளையே சுழல வேண்டியிருந்ததால், அதைச் சுழற்றத் தொடங்குவதற்குக் கனமான எடை தேவைப்பட்டது. 1905இல் பிராட்ஃபோர்டு நகர நெசவாலை உரிமையாளர் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், தறியில் நூற்கண்டு அசையாதிருக்க நூல் மட்டும் விளிம்பு வழியே உருவி வருவதைப் பின்பற்றி, அசையாக் கண்டுடைய சுருளிக்குக் காப்புரிமை பெற்ற பின்பே, சில கிராம் எடையுள்ள செயற்கை இரையையும் வெகுதொலைவு எறிய வழி பிறந்தது. 1936இல் ஃபின்லாந்தின் லவுரி ரப்பாலா, காயமுற்ற சிறுமீன் தள்ளாடி நீந்துவதைப் போல அசையும் மிதவை இரையைக் கையால் செதுக்கினார்; இன்று செய்யூர்க் கழியில் எறியப்படும் சிறுமீன் வடிவ இரைகளும் அந்த மரபின் வழிவந்தவையே.

எனினும் இக்கண்டுபிடிப்புகள் கடற்கரைக் குப்பங்களை உடனே எட்டவில்லை. 1905இல் பிரடெரிக் நிக்கல்சன் தொடங்கிய ஆய்வின் தொடர்ச்சியாக, 1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறை உருவாயிற்று. அதன் இயக்குநராகப் பின்னர் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஹார்னெல், சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளை 1920களில் துறை வெளியீடாகத் தொகுத்தபோது, இக்கரையில் ஓங்கியிருந்தவை கட்டுமரமும் பருத்தி, சணப்பு ஆகியவற்றால் ஆன வலை, கயிறுகளுமேயாகும். அக்காலத்து முக்கிய மாறுதல் முள்ளில் நிகழ்ந்தது: உள்ளூர்க் கொல்லர் அடித்த முள்ளின் இடத்தை, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலும் நார்வேயின் முஸ்டாட் நிறுவனத்திலும் எந்திரத்தால் ஒரே அளவில் வளைத்தெடுத்து எண்ணிட்டு விற்கப்பட்ட எஃகு முள் மெல்லப் பிடிக்கத் தொடங்கியது. முள்ளின் வளைவையும் அளவையும் மீனின் வாய்க்கேற்ப எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. இதே காலப்பகுதிக்குள் செய்யூரின் உப்பளங்களின் ஊடே மரக்காணம் வரை நீண்டிருந்த பக்கிங்காம் கால்வாயும், அதன் மதகுகளும் பாலங்களும், கொடுவா ஒதுங்கி நிற்கும் புதிய நிழலிடங்களை இக்கழிக்குள் உருவாக்கியிருந்தன.

நாணின் முழுமையான புரட்சி நைலானோடு வந்தது. டூபான்ட் நிறுவனத்தில் 1935இல் உருவாக்கப்பட்டு 1938இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட இச்செயற்கை இழை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீன்பிடித் தொழிலுக்குள் நுழைந்தது. 1957இல் கொச்சியில் நிறுவப்பட்ட மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் முதலியவற்றின் முயற்சியால் 1960களில் இந்தியக் கரையெங்கும் பரவியது. தங்கூசி என்றும் நரம்பு என்றும் மீனவர் வழங்கும் ஒற்றையிழை நைலான், நாரைப் போல மக்குவதில்லை. ஆதலால் துவர்ப்பேற்றும் வேலையே இல்லாமல் போயிற்று. நீரில் அது ஏறக்குறைய மறைந்துவிடுவதால் தெளிந்த நீரிலும் பகல் நேரத்திலும் தூண்டிலிட முடிந்தது. ஒரே வலிமைக்கு அதன் தடிமன் குறைவாதலால் கையளவு கட்டையில் நூறு மீட்டருக்கும் மேல் சுற்றிவைக்க இயன்றது. கோலோ சுருளியோ இல்லாமலேயே, கட்டையிலிருந்து கயிற்றை விட்டும் இழுத்தும் பெரிய கொடுவாவைக் களைப்புறச் செய்து கரையேற்றும் முறை இதனால் வலுப்பெற்றது. கயிற்றின் தடிமனை மில்லிமீட்டரிலோ எண்ணிலோ குறித்து வாங்குவதும், முள்ளுக்கு மேல் ஒரு முழம் அளவுக்கு மட்டும் தடித்த நரம்பைத் தனியே இணைத்துச் செவுளின் வெட்டிலிருந்து கயிற்றைக் காப்பதும் பொதுவழக்காயின. வெயிலில் நெடுநாள் கிடந்தால் வலுவிழப்பதும், இழுத்தால் நீண்டு கொடுப்பதும் நைலானின் குறைகள். ஆனால் அந்த நெகிழ்வே கோல் இல்லாத கையில் கோலின் வேலையை ஒரு பகுதி செய்தது என்பதையும் கருத வேண்டும்.

போருக்குப் பின் கண்ணாடியிழையாலும் 1970களிலிருந்து கரியிழையாலும் ஆன உட்குழல் கோல்கள் மேலைநாடுகளில் மூங்கிலை அகற்றின. 1990களில் உயர்மூலக்கூற்றுப் பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த கயிறு சந்தைக்கு வந்தது. நைலானை விட மிக மெலிந்தும், சிறிதும் நீளாமலும் இருக்கும் இக்கயிற்றைக் கொண்டு, இரையின் மெல்லிய அசைவையும் கோலின் வழியே கை உணர முடிந்தது. புதிய கோலும் இக்கயிறும் அசையாக் கண்டுடைய சுருளியும் சேர்ந்த பின்னரே செயற்கை இரை இக்கழியில் உண்மையாகப் பயன்படத் தொடங்கியது. கொடுவாவுக்கு ஏறத்தாழ ஏழு அல்லது எட்டு அடி நீளமுள்ள, நுனி விரைந்து வளையும் கோலும், 20 முதல் 30 பவுண்டு தாங்கும் பின்னற்கயிறும், அதன் முனையில் அதைவிடத் தடித்த ஒற்றையிழை நரம்பும் ஏற்றவை என்பது இன்றைய பொதுக்கருத்து. பின்னற்கயிறு இழுவலிமையில் சிறந்ததாயினும் சிப்பி ஒட்டிய தூணில் உரசினால் உடனே அறும் என்பதால் முனை நரம்பின் தேவை முன்னிலும் மிகுந்துள்ளது. இரையைத் தேர்வதிலும் பழைய பட்டறிவே வடிவம் மாறித் தொடர்கிறது: ஆழமற்ற நீரில் மடவைக் குஞ்சின் வடிவுடைய மிதவை இரை, நீரோட்டமுள்ள மதகடியில் ஈயத்தலை வைத்த ரப்பர் இறால், அந்தியில் நீர்மட்டத்தில் ஓசையெழுப்பும் இரை, ஏரியின் கொடிகளுக்கிடையே விராலுக்கு முள் மறைந்த ரப்பர் தவளை.

வேளாண்மையும் வலைத்தொழிலும் சாராத நகரவாசிகள் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் பாலங்களிலும், ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளை ஒட்டிய முகத்துவாரத்திலும் இக்கருவிகளோடு நிற்கின்றனர். குப்பத்து மீனவரோ பெரும்பாலும் கட்டையில் சுற்றிய தங்கூசியோடும் உயிர் இறாலோடும் நிற்கிறார். முன்னவருக்குக் கோல் விளையாட்டின் இன்பத்தைத் தருகிறது. பின்னவருக்குக் கோலின் விலை ஒரு வார உழைப்பை விழுங்கக்கூடியது, உயிர் இரையோ கழியிலேயே கிடைப்பது. இருவரும் ஒரே மீனை நோக்கி நிற்பதால், கருவி சிறக்கச் சிறக்க மீன்வளத்தின் மேல் பொறுப்பும் கூடுகிறது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் இயல்புடையது. எனவே மிகப் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய எல்லாமே முட்டையிடும் பெண் மீன்கள். நார்க்கயிறு அறுத்துக்கொண்டு தப்பவிட்ட அப்பெருமீன்களை இன்றைய கயிறு தப்பவிடுவதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், இக்கரையின் வடபகுதியிலுள்ள முட்டுக்காட்டுச் செயல்நிலையத்தில் 1997இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டதால், வளர்ப்புக் குளங்கள் காட்டுக் குஞ்சுகளை மட்டுமே நம்பியிருக்கும் நிலை மாறியது. ஆயினும் கழியின் இயற்கை இருப்புக்கு அதுவே ஈடாகாது. எனவே எதிர்ப்பல் இல்லாத முள்ளைப் பயன்படுத்துவதும், முட்டைப் பருவத்துப் பெருமீனைத் திருப்பி விடுவதும், கோலையும் கயிற்றையும் இரையையும் தேர்வதோடு ஒருசேர எண்ணப்பட வேண்டிய தேர்வுகளாகிவிட்டன. எதைப் பிடிக்க இயலும் என்பதைப் பல நூற்றாண்டுகள் நாணே தீர்மானித்துவந்த இவ்வட்டாரத்தில், அந்த வரம்பை இனி தூண்டிற்காரரே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.